கரை ஏறிய கல்யாணப்பெண்

எங்கள் ஆறு கடலைப் பார்த்ததில்லை. வடக்கே சுண்ணாம்பு மலையிலிருந்து ஒரு கிளை, கிழக்கே கருங்குன்றுகளிலிருந்து இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கொஞ்ச தூரம் அகலமாக ஓடி மணலுக்குள் இறங்கிவிடும். ஓடுவதும் வருடத்தில் சில நாள்தான். மற்ற நாட்களில் அந்தப் படுகைதான் எங்களுக்குச் சாலை. நான் ரய்யா, வடக்கு மலைக்காரி. எனக்குப் பார்த்த மாப்பிள்ளை முஹன்னாவின் பேரீச்சந்தோப்பு, ஆறு மணலில் மறையும் இடத்தில் இருந்தது.

கல்யாணத்தன்று ஜோகா அத்தைதான் வண்டி ஓட்டினாள். கிளைகள் சேரும் இடத்தில் சக்கரம் சரளையில் புதைந்தது. அத்தை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. அந்நேரம் ஊரிலிருந்து அப்பா போனில் கத்தினார்.

“கிழக்கே கொட்டோ கொட்டுன்னு கொட்டுதாம். எங்க இருக்கீங்க?”

“ஆத்துக்குள்ளதான்” என்றாள் அத்தை.

“மேல ஏறுங்கடி!”

எங்கள் தலைக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் கரையில் ஆடு மேய்த்த ஒரு பெண் தன் பிக்கப்போடு சரிவில் இறங்கி வந்தாள். அவள்தான் ஷம்ஸா.

“இறங்குங்க! பொண்ணே, மருதாணி கெட்டுடுமேன்னு பாக்காத, கயித்தப் பிடி!”

கட்டினோம், இழுத்தாள். நாங்கள் மேலேறிய சற்று நேரத்தில் கறுத்த வெள்ளம் முள்மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மாலையில் எதிர்க்கரைக்கு முஹன்னா வந்து சேர்ந்தார். “ரய்யா நல்லா இருக்காளா?”

“அவ நல்லா இருக்கா. உங்களுக்குக் கொண்டுவந்த அல்வாதான் தீந்துபோச்சு!” என்று அத்தை கத்தினாள்.

அவர் திரும்பிப் போகவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். முன்பின் பழகாதவர் என்று எனக்குள் இருந்த பயம் அங்கேயே பாதி கரைந்தது. மறுநாள் தண்ணீர் சுண்ணாம்பாய் வெளுத்தது. எங்கள் மலையிலும் மழை. ஷம்ஸா எங்களுக்காக ஒரு குட்டியை அறுத்தாள், தன் படுக்கையை எனக்குக் கொடுத்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அதட்டினாள்: “ஆறு கொண்டுவந்து விட்ட விருந்தாளி நீ. பேசாம சாப்பிடு.”

வெள்ளம் வடிந்ததும் சேற்றில் நடந்தே கடந்தேன். பாதியில் வந்து கை கொடுத்தார் முஹன்னா. அந்தக் குளிர்காலத்தில், நெடுநாளாக உப்புக் கரித்த அவர்கள் கிணறு இனித்தது. நான் காலடி வைத்த ராசி என்றாள் மாமியார். மலையில் பெய்த மழை என்றேன் நான். இருவரும் சிரித்தோம்.

இப்போதும் தோப்பில் முதல் குலை வெட்டியதும் ஷம்ஸாவுக்குத்தான் கொண்டுபோகிறோம். “போன வருஷத்துப் பழம் இதவிடப் பெருசு” என்று குறை சொல்லிக்கொண்டே கூடையைக் காலி செய்கிறாள்.