கதவில் தொங்கிய சிவப்பு வளையம்

1

கீஈஈ... கீஈஈ... கீஈஈ...

வெர்லின் ஹாகன் வீட்டுச் சமையலறையில் புகை மணி அலறியபோது சனிக்கிழமை காலை பத்து இருபது. மின் அடுப்பின் இடுக்குகளிலிருந்து கரும்புகை. வெர்லின் துடைப்பக் கட்டையால் கூரையிலிருந்த மணியைக் குத்திக்கொண்டிருந்தார். அது நிற்பதாயில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து மில்வாக்கியிலிருந்து வந்த கார் வாசலில் நின்றது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததே அல்ல. பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது வீட்டுக் குறிப்பு. "உங்க அமெரிக்க ஊர்ல இலையுதிர் காலம் வந்தா வீட்டையே ஜோடிப்பாங்களாமே. செலவில்லாம, சுலபமா, கையாலயே செய்யற மாதிரி எட்டுக் குறிப்பு அனுப்புங்க" என்றார். நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்:

குறிப்பு 1: ஓக் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் நிரப்பி, மேஜை நடுவே

அவ்வளவுதான். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. கொட்டை என்று எழுதியதும் வெர்லின் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெருக்காரர். ஓய்வு பெறும்வரை பதினெட்டுக் குளிர்காலம் எங்கள் சாலைப் பனியைத் தள்ளியவர். எட்டுக் குறிப்புக்காக அவரை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் வேறு. "விஸ்கான்சின் மேப்பிள் மரங்கள் தீப்பற்றி எரிவதுபோல்..." என்று போனது. அடித்துவிட்டேன். நிஜமாகவே புகைகிற வீட்டுக்கு முன்னால் உவமைத் தீ எதற்கு?

விஷயத்துக்கு வருகிறேன். வெர்லினுடைய ஒரே மகள் மாரிட்டுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெஸ், மில்வாக்கிப் பையன். கல்யாணம் பிறந்த வீட்டுத் தோட்டத்தில், ஓக் மரத்தடியில்தான் என்று மாரிட் சொல்லிவிட்டாள். வெஸ்ஸின் அம்மா கொரின், ஏரிக்கரை மண்டபம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் புகைச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

"வீட்டுல ஜோடிக்க ஆள் யாரு?" என்று தொலைபேசியில் கேட்டார் கொரின்.

"நான்தான்" என்றார் வெர்லின்.

"நீங்களா?" என்றார் கொரின்.

"ரெண்டு வாரம் குடுங்க கொரின். வந்து பாருங்க. பிடிக்கலேன்னா மண்டபமே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு ஃபோனை வைத்தவர், மாரிட்டிடம் மெதுவாகச் சொன்னார்: "மண்டபத்துல வச்சா நானும் ஒரு விருந்தாளிடா. டை கட்டிட்டு, எந்த மேஜைன்னு பேர் தேடிட்டு நிக்கணும். பொண்ணோட அப்பா பண்ற வேலையா அது?"

(வெர்லினின் மனைவி எங்கே என்று கேட்பீர்கள். வாரப் பத்திரிகை வழக்கப்படி முதல் வரைவில் அவரைச் சாகடித்துவிட்டேன். பாவமாக இருந்தது. உண்மையில் அவர் விவாகரத்து வாங்கிக்கொண்டு அரிசோனாவில் சௌக்கியமாக இருக்கிறார். கல்யாணத்துக்கும் வருகிறார்.)

3

அந்த இரண்டு வாரத்தில் வெர்லின் செய்தவை ஏராளம். மேப்பிள் இலைகளை மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டு, நூலில் கோத்துத் தோரணமாக்கினார்.* சோளத் தட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தாழ்வாரத் தூண்களில் கட்டினார். மான் வேட்டையில் ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமலிருக்கப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சுச் சட்டைகள் நான்கை வெட்டி ரிப்பன் ஆக்கினார். பனியில் சாலையோரம் தெரிவதற்காக நடுகிற ஆரஞ்சுக் குச்சிகள் கொட்டகை நிறைய இருந்தன. அவற்றைத் தோட்டத்தில் வரிசையாக நட்டுத் தோரணத்தை இழுத்துக் கட்டினார்.

* ஆசிரியருக்கு: இதைக் குறிப்பு 2 என்று எண்ணிக்கொள்ளவும். தட்டை 3, ரிப்பன் 4, குச்சி 5.

மாப்பிள்ளை வெஸ் வெள்ளிக்கிழமை மதியம் வந்து தானும் உதவுவேன் என்று நின்றான். கையுறையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போனான். சாயங்காலம் முன்வாசல் கதவில் ஏதோ ஒன்றைத் தொங்கவிட்டான். வெர்லின் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் முன்வாசலை யார் திறக்கிறார்கள்? தபால்காரர் முதல் சவப்பெட்டி விற்பவர் வரை எல்லோருக்கும் பக்கவாசல்தான்.

அன்றைக்கே பக்கத்து வீட்டு லவோன் எட்டிப் பார்த்தார். மேஜைமேல் பதினொரு கிண்ணம் நிறைய ஓக் கொட்டை.

"வெர்லின், இதை அப்படியேவா போட்டே?"

"ஆமா. அழகா இல்ல?"

"நாளைக்குப் பாரு, இன்னும் அழகா இருக்கும். பாதிக் கொட்டைக்குள்ள புழு இருக்கு. துளைச்சுட்டு வெளிய வந்து, மாப்பிள்ளையோட அம்மாவுக்கு குட் மார்னிங் சொல்லும்."

வெர்லின் ஒரு கொட்டையை எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்தார்.

"என்ன பண்றது இப்போ?"

"அடுப்புல வை. நூத்தி எழுவத்தஞ்சு டிகிரி, ரெண்டு மணி நேரம். மறந்துடாதே."

வெர்லின் மறக்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கணக்குப் போட்டார். கொரின் பதினொரு மணிக்கு வருகிறார். சூட்டை இரண்டு மடங்காக்கினால் நேரம் பாதியாகிவிடும். முந்நூற்று ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட், ஒரே மணி நேரம். கொட்டைகள் உருளாமலிருக்க அடியில் மளிகைக் கடைக் காகிதப் பையை விரித்திருந்தார்.

மிச்சத்தைத்தான் முதல் பகுதியிலேயே கேட்டுவிட்டீர்கள். கொரின் நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4

இந்தக் கொரினை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வாரப் பத்திரிகையில் இருபது வருடம் எழுதியவனுக்குச் சம்பந்தியம்மா என்றால் கை தானாக வில்லியாக்கிவிடும். புருவத்தை உயர்த்த வைத்தேன். உதட்டைச் சுழிக்க வைத்தேன். முத்துமாலை ஒன்றையும் மாட்டினேன். (இங்கே சம்பந்தி என்று ஓர் உறவுச் சொல்லே கிடையாது. வெறும் கொரின், வெர்லின்தான். சொல் இல்லாததால் சண்டை குறைந்துவிடவில்லை.) பிறகு அவர் பேசத் தொடங்கினார். மாலையைக் கழற்றிவிட்டேன்.

புகையைப் பார்த்து மாரிட்டும் வெஸ்ஸும் ஓடி வந்ததுபோல அவரும் பக்கவாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். வந்ததும் மூன்று ஜன்னலைத் திறந்தார். மணி அடங்கியது. (தீயணைப்பு வண்டி வருகிற பாரா ஒன்று இருந்தது. நல்ல பாரா. இடம் போதவில்லை.)

"என்ன சமையல் வெர்லின்?"

"கொட்டை."

"யாருக்கு, அணிலுக்கா?"

மாரிட் அவசரமாகத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். வெஸ்ஸும் வெர்லினும் பின்னாலேயே போனார்கள். கொரின் ஆரஞ்சு ரிப்பனை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன துணி? கண்ணு கூசுது."

"வேட்டைச் சட்டை" என்றார் வெர்லின்.

"நீங்களேவா தைச்சீங்க?"

"தையல்னு சொல்ல முடியாது. ஸ்டேப்ளர் அடிச்சேன்."

"நல்லதுதான். விருந்தாளிங்களை மானுன்னு நெனச்சு யாரும் சுட மாட்டாங்க." அடுத்து தாழ்வாரத்துக்கு வந்தார். "இந்தப் பூசணியெல்லாம் ஏன் சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கு? வாத்தியார்கிட்ட அடி வாங்கின பசங்க மாதிரி?"

"அந்தப் பக்கம் அணில் கடிச்சிருக்கு" என்றாள் மாரிட்.

"கொட்டையைப் பூராவும் உங்கப்பா எரிச்சுட்டா அது பின்ன எதைக் கடிக்கும்?"

பூசணி ஆறாவது குறிப்பு. வெர்லின் ஒரு பூசணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்க்கவே வைத்தார். மண்டபத்தில் எந்த மேஜையில் தன் பெயர் இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

"எங்க வீட்டுல யாருக்கும் கைவேலை தெரியாது" என்றார் கொரின், நடந்துகொண்டே. "ஃபோன் பண்ணுவோம், ஆள் வந்து செஞ்சுட்டுப் போவான். வெஸ்ஸுக்கு இருபத்தெட்டு வயசு. ஒரு ஆணி அடிச்சதில்ல."

"அம்மா" என்றான் வெஸ்.

"உண்மையைத்தானே சொல்றேன்."

5

நால்வரும் வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தார்கள்.

கதவில் ஒரு வளையம். கம்பியில் சுற்றிய கொடி, பளபளவென்று சிவந்த இலைகள், உச்சியில் ஆரஞ்சு ரிப்பன். ரிப்பனின் ஒரு காது பெரிசு, ஒரு காது சிறிசு. அத்தனை அலங்காரத்திலும் கண் போய் நின்றது அதில்தான்.

கொரின் அப்படியே நின்றார்.

"யாரு செஞ்சது?"

"நான்தாம்மா" என்றான் வெஸ்.

கொரின் ரிப்பனின் சிறிய காதைக் குனிந்து பார்த்தார். பிறகு, "மேஜைக்கு ஒண்ணு இதே மாதிரி வச்சா மண்டபத்தை வேண்டாம்னு சொல்லிடலாம்" என்றார்.

மாரிட் வெஸ்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாளைக்கே பண்ணிடறேன். வேலி ஓரமா இந்தக் கொடி எக்கச்சக்கமா இருக்கு."

வெர்லின் அப்போதுதான் கிட்டே போய்ப் பார்த்தார். காம்புக்கு மூன்று மூன்றாக இலை. நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு. கோடைதோறும் சாலையோரம் புல் வெட்டியவருக்கு இதைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை. தொட்டால் தோல் சிவந்து, கொப்பளித்து, மூன்று வாரம் சொறிய வைக்கிற விஷக்கொடி. கையுறை இருந்ததால் பையன் தப்பித்தான்.

6

வாசகரே, இப்போது உங்கள் உதவி வேண்டும்.

முடிவு ஒன்று: வெர்லின் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் வீட்டில். மணமக்கள் உட்பட எண்பது பேர் புகைப்படத்தில் முழங்கையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்கள். சிரிப்பு வரும். வெர்லினுக்கு அது ஆகாது. பனி கொட்டும்போது யார் வீட்டையும் தாண்டிப் போகாத மனிதர்.

முடிவு இரண்டு: அங்கேயே சொல்லிவிடுகிறார். வெஸ்ஸின் முகம் விழுகிறது. ஆணி அடிக்காதவன் ஆசையாக ஒன்று செய்தான், அதுவும் விஷம். மண்டபம் உறுதி. இந்த முடிவை எழுதினேன், எனக்கே பிடிக்க

முடிவு மூன்று: வெர்லின் வளையத்தைப் பார்த்து, "பிரமாதம்டா" என்றார். பிறகு, "கொரின், உள்ள காபி இருக்கு, வாங்க" என்று அவரை மட்டும் தனியாக அழைத்துப் போனார்.

ஆசிரியருக்கு: ஏழாவது குறிப்பு வளையம். எட்டாவது, சிவந்த கொடி எதையும் வெட்டுமுன் இலையை எண்ணவும்.

சமையலறையில் இன்னும் தீய்ந்த வாடை. வெர்லின் காபி ஊற்றவில்லை.

"கொரின், மண்டபத்தையே வச்சுக்கோங்க. அந்த வளையத்தை மட்டும் தொட்டுடாதீங்க. அது விஷக்கொடி. பையன் மேல தப்பில்ல. நான் முன்னாடியே பாத்திருக்கணும்."

வீடா மண்டபமா என்பதை நான் எழுதப்போவதில்லை, நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். கொரின் கருகிய கொட்டை ஒன்றை உள்ளங்கையில் உருட்டியபடி சொன்னதை மட்டும் அப்படியே தருகிறேன்.

"கார்ல இருந்து எறங்கும்போதே அது விஷக்கொடின்னு தெரியும், நான் பண்ணையில பொறந்தவ, ஆனா அந்த ரிப்பன் முடிச்சைப் பாத்தீங்களா வெர்லின், அஞ்சு வயசுல ஷூவுக்குப் போட்டானே அதே கோணல் முடிச்சு... அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, நாளைக்கு வேற இலை பக்கம் கூட்டிட்டுப் போயிடுங்க."