குதிகாலுக்கு ரெண்டு துண்டு ஸ்பாஞ்ச்

பதினாலு பிள்ளைங்க. ஒன்பது தவழுது, அஞ்சு ஓடுது. தவழுறதைத் தூக்கணும், ஓடுறதைப் பிடிக்கணும். ரெண்டுக்கும் கால் வேணும். எனக்குக் கால் இருந்தும் இல்லாத கதைதான்.

ஆம்பூர்கிட்ட ஒரு ஷூ கம்பெனி. பேர் வேணாம், பொழப்பு அங்கதான் ஓடுது. அங்க வேலை செய்ற பொம்பளைங்களோட பிள்ளைங்களைப் பாத்துக்கிற கிரெச்சுல நான் ஒருத்திதான் ஆள். பேர் மெர்சி. வயசு நாப்பத்தஞ்சுதான், ஆனா வாய் பேச வந்ததும் எல்லா வாண்டும் என்னை ஆயான்னுதான் கூப்பிடும். கூப்பிட்டுட்டுப் போவட்டும், என் நடையும் அப்படித்தான் ஆய்டுச்சு.

எட்டு மாசமா குதிகால் வலி. காலைல பாயை விட்டு எழுந்து முதல் அடி வெச்சா ஆணி மேல மிதிச்சாப்ல இருக்கும். ஏசப்பான்னு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். வேலூர்ல டாக்டர் பாத்துட்டு, "வெறுங்காலோட தரையில நிக்கவே கூடாதும்மா. மெத்துனு இருக்கிற எம்.சி.ஆர் ரப்பர் செருப்பு போடுங்க, வீட்டுக்குள்ளயும் கழட்டாதீங்க"ன்னார். சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்தேன். கிரெச்சுக்குள்ள செருப்பு போடக் கூடாதுன்னு அவருக்குத் தெரியுமா இன்னா?

ரூல் தப்புன்னு சொல்லல. பிள்ளைங்க தரையில கிடக்கிறதையெல்லாம் வாயில போடும். அதனாலதான் ரோட்டை மிதிக்காத புது செருப்பு வாங்கி, கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போய் ஆபீஸ்ல ஹேமலதா மேடத்துகிட்ட காட்டினேன். மேடம் செருப்பைப் பாக்கக்கூட இல்ல. "ஆடிட்டுக்கு வர்றவங்க போட்டோ எடுத்தா யாரு பதில் சொல்றது? முடியலைன்னா சொல்லுங்க மெர்சி, வேற ஆளைப் பாக்கலாம்"னாங்க. சொல்லணுமாம்! ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தெச்சு அனுப்புற கம்பெனி, என் காலுக்கு வெறும் டைல்ஸ் தரை.

கிரெச்சுக்குத் திரும்பினேன், தில்ஷாத் வந்தது அப்போதான். பத்தரை மணி டீ டைம்ல பையன் தானிஷுக்குப் பால் கொடுக்க ஓடி வர்ற பொண்ணு. ஷூவுக்குள்ள போடுற மெத்தையை ஒட்டுற செக்‌ஷன்ல வேலை. "இன்னாக்கா, நேத்தைவிட இன்னிக்கு ஜாஸ்தியா நொண்டுறீங்க?"ன்னு கேட்டா. சொன்னேன். மறுநாள் துப்பட்டாவுக்குள்ளருந்து ரெண்டு துண்டு ஸ்பாஞ்சை எடுத்து நீட்டினா. குதிகால் அளவுக்கே வெட்டியிருந்தா.

"வேஸ்ட் டப்பாவுல போட்டதுதான்க்கா. சாக்ஸுக்குள்ள வெச்சுத் தெச்சுக்கோங்க. சாக்ஸ் ஒண்ணும் செருப்பு இல்லியே!"

சிரிச்சுட்டேன். ஆனா அவ சிரிக்கல. "இங்கயே கழட்டி வெச்சுட்டுப் போய்டணும்க்கா. கேட்டை மட்டும் தாண்டக் கூடாது." அது எனக்கும் தெரியும். எங்க கம்பெனில குப்பைத் துண்டா இருந்தாலும் கேட்டைத் தாண்டினா திருட்டு. போன வருஷம் உள்ளங்கை அகலத் தோலுக்காக ஒரு கட்டிங் ஆளை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்புனாங்க. தில்ஷாத் சம்பளத்துல அவ, தானிஷ், அவ அம்மான்னு மூணு வயிறு.

நாலு நாள். ஆண்டவரே, அந்த நாலு நாளும் நான் மனுஷியா இருந்தேன். சாயங்காலம் ஆனா சாக்ஸைக் கழட்டி பால் பவுடர் டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டுப் போவேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணி இருக்கும். சுவத்தைப் பிடிச்சுட்டு நின்ன தானிஷ் கையை விட்டான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு அடி. அஞ்சாவது அடி என் மடியில. அவனைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினேன். எட்டு மாசத்துல இந்தக் கால்ல சுத்தினது அன்னிக்குத்தான். அவன் அம்மா வந்ததும் அதையே பத்து தடவை சொன்னேன். பஸ் ஹாரன் அடிச்சது. அதே சந்தோஷத்துல சாக்ஸ் மேலயே செருப்பை மாட்டிட்டு நடந்துட்டேன். வலி இருந்திருந்தா ஞாபகம் வந்திருக்கும், பாவி காலு அன்னிக்குப் பாத்து வலிக்கல.

கேட்டுல செக் பண்றது செல்லம்மாள். செருப்பைக் கழட்டச் சொல்லிட்டு சாக்ஸை அமுக்கிப் பாத்தா. "இன்னா மெர்சி இது, உள்ள மெத்துமெத்துனு?" விட்டுடு செல்லம்மான்னு கையைப் பிடிச்சேன். அவ கண்ணால மேல இருக்கிற கேமராவைக் காட்டினா. அவளும் இன்னா பண்ணுவா.

ஆபீஸ்ல நின்னேன். "நானேதான் மேடம் எடுத்தேன், குப்பையில கிடந்தது"ன்னு சத்தியம் பண்ணேன். என் வேலை போனாலும் போவட்டும், அவ பேரு வாயில வரக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். "அந்த செக்‌ஷனுக்குள்ள நீங்க போனதே இல்லியே?"ன்னாங்க மேடம்.

அதுக்குள்ள பஸ்கிட்ட நின்ன தில்ஷாத் காதுக்கு எவளோ போட்டுட்டா, மெர்சியைத் திருட்டுல பிடிச்சுட்டாங்கன்னு. பையனை இடுப்புல வெச்சுக்கிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தா. "மேடம், அக்கா மேல தப்பே இல்ல. நான்தான் கொடுத்தேன். கடையில வாங்கினதுன்னு சொல்லிக் கொடுத்தேன்."

"ஐயோ, பொய் சொல்றா மேடம்!"னு கத்தினேன். யாரு காதுல ஏறுது? இனிமே வேலைக்கு வர வேணாம்னு அவ கழுத்துல இருந்த ஐடி கார்டைக் கழட்டச் சொன்னாங்க. தானிஷ் அதைப் பிடிச்சு இழுத்துட்டு விளையாடிட்டு இருந்தான். அவன் விரலை ஒவ்வொண்ணா அவளே பிரிச்சு எடுத்துக் கொடுத்தா.

என்னைப் பாத்து மேடம் சொன்னாங்க: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோங்க மெர்சி. திங்கக்கிழமை ஆடிட். கிரெச்சு ஆள் இல்லாம இருக்கக் கூடாது."

அப்போ நானும் வரலன்னு சொல்லியிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வீட்டுல உலை வைக்கிறது நினைப்புக்கு வந்ததும் அப்படியே முழுங்கிட்டேன். அந்த வெக்கம் இன்னும் தொண்டையிலதான் நிக்குது.

வெளிய வந்ததும் தில்ஷாத் என் காலைத்தான் பாத்தா. "சாக்ஸை வாங்கி வெச்சுக்கிட்டாங்களா? அப்போ காலுக்கு இன்னாக்கா பண்ணுவீங்க?"

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

திங்கக்கிழமை ஆடிட்டுக்கு ரெண்டு பேர் வந்தாங்க. டைல்ஸ் பளபளன்னு இருந்துச்சு. என் வெறுங்காலைப் பாத்து ஒருத்தர் பேப்பர்ல டிக் அடிச்சார். அப்புறம் தலையை எண்ணினார்.

"பதினாலுன்னு இருக்கு, பதிமூணுதானே இருக்கு?"

மேடம் என்னைப் பாத்தாங்க. குதிகால்ல உயிர் போச்சு. சுவத்தைப் பிடிக்காம நேரா நின்னேன்.

"ஒரு பிள்ளை லீவுங்க சார்"னேன்.