பன்னிரண்டு நீலத் தட்டுகளும் ஒரு கிணறும்

ஒருகொடவத்தை இரசாயன ஸ்டோருக்கு அந்த நீலத் தட்டுகள் வந்த நாளிலிருந்து அங்கே ஒரு துளி அசிட்கூட நிலத்தில் சிந்தியதில்லை. அது தட்டுகளின் திறமை அல்ல. சிந்தினால் தட்டுகளைப் பிரிக்க வேண்டிவரும் என்ற பயம்.

வெளிநாட்டுக் கொம்பனி அனுப்பிய சாமான் அது. மொத்தம் பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். கீழே நிலத்தோடு ஒட்டிப் பிடிக்கும் றப்பர் பாதம், இரண்டு ஓரத்திலும் கொளுக்கி. ஒன்றோடொன்று மாட்டினால் சுவர். பொல்லாத திரவம் எங்கே ஊற்றுண்டாலும் அங்கே தூக்கிக்கொண்டு போய், வட்டமோ சதுரமோ, இடத்துக்கு ஏற்றபடி பூட்டி, ஓடுவதை ஓடவிடாமல் மறிக்கலாம். வேலை முடிந்ததும் கழற்றிக் கழுவி அடுக்கி வைக்கலாம். நாலு பேருக்குப் பத்து நிமிஷ வேலை என்று கூடவந்த புத்தகத்தில் போட்டிருந்தது.

ஸ்டோர்கீப்பர் நாகேந்திரத்தார் புத்தகத்தை மனப்பாடம் செய்தார். தட்டுகளைச் சுற்றியிருந்த பொலித்தீனை மட்டும் பிரிக்கவில்லை. வெள்ளவத்தையில் அவர் வீட்டில் உட்காரும் செற்றிகூடப் பொலித்தீனோடுதான் இருந்தது. ரெலிவிசனின் றிமோட்டும் அப்படித்தான். மனைவி காலமாகி நாலு வருஷம். அந்த மனுசி ஆசையாய் வாங்கிய கோப்பைகள் இன்னும் பெட்டியோடு. நல்ல சாமானை நல்ல நாளுக்கு வைக்கவேண்டும். அசிட் சிந்துகிற நாள் எப்படி நல்ல நாளாகும்?

ஆனால் ஒத்திகை தவறியதில்லை. மாதத்தின் முதல் வெள்ளி பின்னேரம் முற்றத்தில் சோக்கட்டியால் ஒரு வட்டம் கீறப்படும். தட்டுகள் அலுமாரியில் இருக்க, ஆட்கள் தட்டுகளாக நிற்பார்கள். கையோடு கை கொளுவி, காலைக் காலோடு ஒட்டி.

"றேமண்ட், ஆறாம் நம்பர் சரியுது."

"ஐயா, ஆறாம் நம்பர் ராத்திரி கலியாண வீட்டுக்குப் போய்ட்டு வந்தது."

றேமண்ட் கொட்டாஞ்சேனைக்காரன். சரக்குத் தூக்கும் போர்க்லிப்ற் மெஷினை பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவன். ஒருமுறை ஒத்திகை நடக்கையில் மழை பிடித்துக்கொண்டதாகவும், ஆட்களால் ஆன அந்த வட்டத்துக்குள் முழங்கால் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதாகவும், ஒரு சொட்டு வெளியே போகவில்லை என்றும் அவன் மாதாவின் மேல் சத்தியம் செய்வான். மாதாவின் மேல் பொய்ச் சத்தியம் செய்கிற ஆள் அல்ல அவன்.

ஸ்டோரில் மொத்தம் பதினொரு பேர். பன்னிரண்டாம் தட்டுக்கு ஆள் இல்லை. ஆகவே மதிலுக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த டோரின் வருவாள். புருஷன் இறந்து எட்டு வருஷம் ஆன கத்தோலிக்க மனுசி. வட்டத்தை மூடுவதென்றால் பன்னிரண்டாம் தட்டு முதலாம் தட்டோடு கொளுவ வேண்டும். முதலாம் தட்டு நாகேந்திரத்தார். கை கொளுவுவது முறையில்லை என்று கோடு கீறும் அடிமட்டம் ஒன்றின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை அவள் பிடிப்பாள். ஒத்திகை முடிந்த பிறகும் அடிமட்டத்தை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் விடுவதில்லை. அதை அந்த இரண்டு பேரையும் தவிர மற்ற எல்லாரும் கண்டிருந்தார்கள்.

ஸ்டோரில் இன்னொரு விசேஷம், சுவரில் தொங்கிய இரண்டு பஞ்சாங்கக் கலண்டர்கள். ஒன்று வாக்கியம், நாகேந்திரத்தாருடையது. மற்றது திருக்கணிதம், கிளாக்கர் சிவமணியுடையது. யாழ்ப்பாணத்தில் ஊரையே இரண்டாகப் பிரித்த சண்டை அது. ஒரே திதி ஒன்றில் காலையில் முடியும், மற்றதில் பின்னேரம் முடியும். நாகேந்திரத்தார் பரம்பரை வாக்கியக்காரர். மனைவியின் திவசத்தைக்கூட அவர் வாக்கியப்படி ஒரு நாளும், மனைவியின் தமையன் திருக்கணிதப்படி அதற்கு முதல் நாளும் கொடுத்தார்கள். அந்த மனுசி பாவம், இரண்டு நாளும் வந்து சாப்பிட்டிருக்கும்.

அந்த வருஷம் நவராத்திரி வாணி விழா வெகு சிறப்பு. ஆயுத பூசை அன்று காலையில் சரஸ்வதி படத்தின் முன்னால் தராசு, பாரம் இழுக்கும் சங்கிலி, பீப்பா மூடி திறக்கும் சாவி, கத்தரிக்கோல், அடிமட்டம் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. போர்க்லிப்றின் திறப்புச் சாவி படத்துக்குக் கீழே. நடுவில், பொலித்தீனோடு, மாலையோடு, பன்னிரண்டு நீலத் தட்டுகள். பூசைக்கு வைத்த ஆயுதத்தை நவமி முடிந்து தசமி பிறக்கும் வரை தொடக்கூடாது. வாக்கியப்படி தசமி பின்னேரம் நாலு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு.

ஒரு மணிக்கு வாசல் படலையில் ஹோர்ன் சத்தம் கேட்டது. அசிட் ஏற்றிவந்த றாசிக்கின் வாடகை லொறி. துறைமுகத்திலிருந்து ஒருகொடவத்தை இரண்டு மைல். அந்த யுத்த காலத்தில் அது இரண்டு நாள் பயணம். வழி மறிக்கும் ஒவ்வொரு சென்றியிலும் ஆமிக்காரர் பீப்பாக்களை எண்ணி, தட்டி, மணந்து, தும்மி, மறுபடி எண்ணியிருந்தார்கள்.

"ஐயா, இப்பவே இறக்கணும். லொறிய அஞ்சு மணிக்குத் திருப்பிக் குடுக்காட்டி லொறிக்காரன் என்னைய வித்துப்போடுவான்" என்றான் றாசிக்.

"இண்டைக்கு மெஷின் தொடேலாது, தம்பி. பூசையில இருக்கு."

"அப்ப கையால இறக்குவம். கை பூசையில இல்லத்தானே?"

பழைய ரயர்களை நிலத்தில் போட்டு, போமிக் அசிட் பீப்பாக்களை ஒவ்வொன்றாக அவற்றின் மேல் உருட்டி விழுத்தினார்கள். பதினாறு பீப்பா ஒழுங்காக வந்தது. பதினேழாவது ரயரில் பட்டுத் துள்ளி, பதினெட்டாவதுக்காக நின்ற றேமண்டைத் தாண்டி, தூணில் மோதி வயிறு பிளந்தது. அது உருண்டுபோய் முட்டிய வேகத்தில் பதினாலாவதும் வெடித்தது. முசுறு எறும்பை நசுக்கினால் ஒரு மணம் வருமே, அந்த மணம், பத்து லட்சம் எறும்பை ஒரேயடியாக நசுக்கினதுபோல. எல்லார் கண்ணிலும் தண்ணீர்.

முற்றம் மதில் பக்கமாகச் சரிவு. மதிலடியில் மழைத் தண்ணீர் போக ஒரு துவாரம். துவாரத்துக்கு அந்தப் பக்கம் பதினைந்து அடியில் டோரினின் கிணறு. அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கிழமைக்கு ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். டோரினின் கடையும், கடையால் அவளும் நின்றது அந்தக் கிணற்றில்தான்.

றேமண்ட் ஈரத் துவாயை மூக்கில் கட்டிக்கொண்டு நேரே சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"ஐயா, தட்டு."

"இப்ப நேரம் இரண்டு மணி. நவமி நிக்குது."

"அசிட் நிக்கேல்ல, ஐயா."

"இரண்டு மணித்தியாலம் மறிச்சு வையும். பிறகு எடுப்பம்."

றேமண்டின் கைக்கெட்டிய தூரத்தில்தான் தட்டுகள் இருந்தன. கிறிஸ்தவன், அவனுக்கு நவமியும் ஒன்றுதான், செவ்வாயும் ஒன்றுதான். ஆனால் ஐயா சொல்லாமல் அவன் ஒரு ஆணியைக்கூட அந்த ஸ்டோரில் எடுத்தது கிடையாது. பெருமூச்சு விட்டுத் திரும்பினான்.

வாசலில் கட்டியிருந்த வாழைகளை இழுத்துக் குறுக்கே போட்டார்கள். அசிட் அடியால் புகுந்தது. பூசைக்கு அவித்த கடலைச் சாக்கை வைத்தார்கள். கடலை போனதுதான் மிச்சம். அப்போதுதான் றாசிக்கின் கண் வத்தளைக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய றப்பர் பால் பீப்பாக்களில் விழுந்தது. இந்த அசிட்டை ஆட்கள் வாங்குவதே றப்பர் பாலை உறைய வைக்கத்தான். றாசிக் லொறியிலிருந்த தன் ஸ்பனரால் மூடியைத் திறந்தான். அவனுடைய ஸ்பனர் எந்தப் பூசையிலும் இல்லை. இரண்டு பீப்பாப் பாலை அசிட்டின் பாதைக்குக் குறுக்கே கவிழ்த்தார்கள்.

மூன்று நிமிஷத்தில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பியது. றேமண்டின் இடது சப்பாத்து அதற்குள் போனது. இன்றுவரை வெளியே வரவில்லை. ஒரு காகம் என்னவென்று பார்க்க இறங்கி, நாலு அடி நடந்து, ஐந்தாவது அடியை எடுக்க முடியாமல் யோசித்துக்கொண்டு நின்றது. அதை ஒரு சாரத் துணியால் மூடிப் பிடித்து இழுத்தபோது, காகம் கையை விட்டுப் பறந்து, றப்பரில் ஒட்டிய கால் இழுத்த இழுப்பில் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. இப்படி நாலு தரம்.

"பாத்தீரே, அசிட் நிக்குது" என்றார் நாகேந்திரத்தார். மணி இரண்டே கால்.

இரண்டு இருபதுக்கு அசிட் சுவரின் ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

மதிலுக்கு மேலே டோரினின் தலை தெரிந்தது. சோடாப் பெட்டியின் மேல் ஏறி நின்றாள்.

"ஐயா, என்ன மணக்குது?"

"டோரின், கிணத்தை மூடுங்கோ."

"என்னத்தால மூடுற? அது கிணறுதானே, சட்டியா?"

அவள் துவாரத்தைப் பார்த்தாள், அதை நோக்கி விரல் தடிப்பில் ஊர்ந்து வந்ததைப் பார்த்தாள். கத்தவில்லை, ஏசவில்லை. ஸ்டோரில் நடப்பது எல்லாம் இந்த மனுசனுக்குத் தெரியும் என்று பல வருஷமாக நம்புகிற முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நாகேந்திரத்தார் கலண்டர் தொங்கிய சுவருக்குத் திரும்பினார். தகப்பனும் பாட்டனும் நம்பிய வாக்கியம் ஒரு ஆணியில். மற்ற ஆணியில் மற்றது. அதற்குக் கீழே சிவமணி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"சிவமணி."

"ஐயா."

"உம்மட பஞ்சாங்கத்தில தசமி எத்தினை மணிக்கு எண்டு போட்டிருக்கு?"

பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்த ஆள் சிவமணி. சித்திரை வருஷப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் அந்தக் கலண்டரின் கீழே நின்று எவ்வளவு நக்கல் கேட்டிருப்பார். இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. கலண்டரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒண்டு நாப்பத்தெட்டு, ஐயா. பிறந்து அரை மணித்தியாலத்துக்கு மேல."

"அப்ப என்னத்துக்கு எல்லாரும் நிண்டு பாக்கிறியள்? தசமி பிறந்திட்டுது. எடுங்கோ."

சொல்லிவிட்டு அவரே போய்ச் சரஸ்வதியிடம் மெதுவாக, "கொஞ்சம் கோவிக்காதையுங்கோ, தாயே" என்று மாலையைக் கழற்றினார். பொலித்தீனை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடும் பொறுமை இல்லை. பல்லால் கடித்துக் கிழித்தார். செற்றிக்குக்கூடப் பொலித்தீன் உடுத்தி வைக்கிற மனுசன் பல்லால் பொலித்தீனைக் கிழிப்பதைக் கண்ட றேமண்ட் ஒரு கணம் அசிட்டை மறந்து வாய் பிளந்து நின்றான்.

"ஆறாம் நம்பர்."

"வந்திட்டன், ஐயா."

யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகள் தாங்களே தட்டாக நின்றவர்கள். எந்தத் தட்டு எங்கே, எந்தக் கொளுக்கி எதில் என்பது முழங்காலுக்குத் தெரிந்திருந்தது. மதிலடியில் தொடங்கி, உடைந்த பீப்பாக்களையும் றப்பர் சுவரையும் சுற்றித் தட்டுகள் ஒவ்வொன்றாய் இறங்கின. டொக், டொக், டொக். பதினொன்றாம் தட்டு மாட்டியபோது பன்னிரண்டாவது நிலத்தில் கிடந்தது. மற்றவர்கள் ஒத்திகையில் போலவே தங்கள் தங்கள் தட்டைப் பிடித்து நிற்க, அதைத் தூக்க ஆள் இல்லை.

படலையால் டோரின் ஓடி வந்தாள். அவள் தட்டைத் தூக்கி ஒரு பக்கம் கொளுவ, மறுபக்கம் நாகேந்திரத்தார் பிடித்து இழுத்தார். கொளுக்கிக்கு மேலே நாலு கையும் ஒன்றாய்க் கிடந்தன. அடிமட்டம் பூசையில் இருந்தது.

டொக்.

துவாரத்துக்கு ஒரு சாண் இருக்கையில் அசிட் தட்டில் முட்டி, நின்று, திரும்பியது. ஒன்பது நிமிஷம் என்றார் சிவமணி. புத்தகம் சொன்னதிலும் ஒரு நிமிஷம் குறைவு.

பிறகு கைப்பம்பால் இறைத்து வெறும் பீப்பாக்களில் நிரப்பினார்கள். மிச்சத்துக்குச் சுண்ணாம்பு கொட்டினார்கள், அது நுரைத்து அடங்கியது. காகம் கால் விடுபட்டு, யாரையும் பார்க்காமல் ஹெந்தளைப் பக்கம் பறந்தது. றாசிக் ஐந்து மணிக்கு முன்னால் லொறியோடு புறப்பட்டான். றப்பர் சுவரை வெட்டி எடுக்கப் பத்து நாள் பிடித்தது.

ஆனால் தெருவில் கதை பரவிவிட்டது, டோரினின் கிணற்றில் அசிட் கலந்துவிட்டதென்று. பின்னேரம் தேத்தண்ணிக்கு ஒருவரும் வரவில்லை. தவறாமல் வருகிற சென்றிப் பொடியங்கள் இரண்டு பேரும் தூரத்தில் நின்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போனார்கள். டோரின் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கடையின் வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொட்டும் வரேல்ல எண்டு நீங்க சொல்றீங்க. ஆர் நம்புவாங்க, ஐயா?"

நாகேந்திரத்தார் வாங்கில் உட்கார்ந்தார். பல்லில் இன்னும் ஒரு துண்டுப் பொலித்தீன் இருந்தது. சுற்றிவர வேலிகளுக்குமேல் பத்துப் பதினைந்து தலைகள். அவர் கிளாஸை எடுத்து வாளிக்குள் அமிழ்த்தி, நிறைத்து, எல்லாரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தார். துவாயால் வாயைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"உப்பாய்க் கிடக்கு."

"அது எப்பவும் அப்படித்தான்" என்றாள் டோரின். "இவ்வளவு வருஷமாய்த் தேத்தண்ணியில சீனி போட்டுத் தந்தன், உங்களுக்குத் தெரியேல்ல."

"அப்ப ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றார். "இந்தமுறை சீனி வேண்டாம்."