எட்டு வரைக்கும்

காலை ஆறு மணிக்கெல்லாம் அம்மா உடற்பயிற்சிக்காகக் கூடத்தில் பாயை விரித்துவிடுவாள். கடல் நீர் சந்துக்குள் ஏறி ஏறி, நாங்கள் மூன்று முறை தரையை மேடாக்கியதில் கூரை தணிந்துவிட்டது. கையை உயர்த்தினால் தம்பி தனங்கின் விரல்கள் கூரைப் பலகையில் இடிக்கும்.

"பாத்துடா, பலகை பேந்துடப் போகுது," என்பாள் அம்மா.

"பலகையப் பத்திக் கவலைப்படு. என் விரல் போனா என்ன, பெத்த பிள்ளைதானே!"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். செமாராங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் முப்பது வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். வெள்ளிக்கிழமை காலைகளில் பள்ளி முழுவதையும் மைதானத்தில் நிறுத்தி, எட்டெட்டாக எண்ணி ஆட்டிவைத்தவர். ஏழு மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது.

எனக்கும் பிரசெத்யோவுக்கும் அதற்கு முன்பே நிச்சயமாகியிருந்தது. நிக்காஹ் அன்று பெண்ணின் அப்பாதான் மாப்பிள்ளையின் வலது கையைப் பற்றி, "என் மகள் பலூபியை உனக்கு மணமுடித்துத் தருகிறேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். முடியாத அப்பாவுக்குப் பதிலாக மகன் சொல்லலாம். தனங்குக்கு இருபத்திரண்டு வயது. தாராளமாகச் சொல்லலாம்.

"அவரு உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கையில நீ குடுப்பியா?" என்றாள் அம்மா.

"நான் எங்கம்மா கேட்டேன்? எனக்கு மேடையேறினா வேர்க்கும்."

அப்பா தேறட்டும் என்று கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிப் போட்டோம். அப்பா தனியாகக் கையை அசைக்க மாட்டார். எல்லோரும் செய்தால் செய்வார். அதனால் நாங்கள் மூவரும் தினமும் அவரோடு குனிந்தோம், நிமிர்ந்தோம். அவருடைய வலது கையை அம்மாதான் தூக்கி இறக்குவாள். எண்ணிக்கை சொல்வது தனங்.

ஒருநாள் தனங் வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குழப்பினான். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு…"

"மூணு," என்றது அப்பாவின் குரல்.

அவர் நிறுத்தவில்லை. "நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு." இரண்டாம் சுற்றை, மைதானத்தில் எண்ணுவது போலவே, ஒன்றுக்குப் பதில் சுற்றின் எண்ணைச் சொல்லித் தொடங்கினார். "ரெண்டு, ரெண்டு, மூணு, நாலு…" ஒரு பிசகு இல்லை.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கே புளிக்கவைத்த சோயாத் தெம்பேயைத் துண்டு போட்டுப் பொரித்து சந்து முழுவதும் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்துடுச்சு! சுத்துக் கணக்கு கூட மறக்கல!" திருமணப் பதிவாளரிடம் போய், அப்பாவே கைபிடித்துக் கொடுப்பார் என்று சொல்லித் தேதியும் வாங்கி வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் சுலஸ்த்ரி மட்டும் தயங்கினாள். "அம்மா, எண்ணுறது பேச்சு இல்ல. அது வாய்க்குப் பழகுன ஓட்டம். ஒரு வாய் தண்ணி வேணும்னு அவராக் கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

அவள் போனதும் அம்மா முகத்தைச் சுளித்தாள். "நேத்துப் பொறந்த பொண்ணு. முப்பது வருஷம் அவர் குரலக் கேட்ட காது, எனக்குத் தெரியாதா?"

நானும் அம்மாவைத்தான் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

நிக்காஹுக்கு நான்கு நாள் முன்பு, ஒத்திகைக்காக பிரசெத்யோ காலையில் வந்தான். பயிற்சி முடிந்த பாயிலேயே அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். அம்மா அப்பாவின் வலது கையை எடுத்து அவன் கைக்குள் வைத்தாள். நானும் தனங்கும் இரு பக்கமும் நின்றோம்.

"சொல்லுங்க," என்றாள் அம்மா. "என் மகள் பலூபியை…"

அப்பா என்னைப் பார்த்தார். என் பெயருக்காக உதடுகளைக் குவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஒண்ணு," என்றார்.

"பரவால்ல மாமா, அவசரமே இல்ல," என்றான் பிரசெத்யோ.

"ரெண்டு. மூணு. நாலு."

தான் சொல்வது அதுவல்ல என்பது அப்பாவுக்குத் தெரிந்தது. தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். கண்ணில் நீர் கொட்டியது. வாய் மட்டும் தன் போக்கில் எட்டு வரை போய், அடுத்த சுற்றைத் தொடங்கியது.

"கைய விடுங்க மச்சான்," என்றான் தனங்.

அன்று மதியம் அம்மா ஒரு தாளை அப்பாவின் முன்னால் வைத்தாள். பொறுப்பை மகனுக்கு விடுவதாக அதில் எழுதியிருந்தது. அப்பா அவளைப் பார்க்காமல் இடது கட்டைவிரலை நீட்டினார். கிணற்றடியில் தனங் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். என் பெயர் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் திக்கினான். நான் போய்த் திருத்தவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பாய் விரிந்தது. இனி வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை. கைகளை உயர்த்தினோம். அப்பா உடனே தொடங்கினார். அவருடைய குரல் அவ்வளவு கணீரென்று என்றைக்குமே இருந்ததில்லை. சந்தில் போன யாரோ, "வாத்தியார் ஜோரா இருக்காரே!" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

"போதுங்க," என்றாள் அம்மா. பிறகு கெஞ்சினாள். "போதும், நிறுத்துங்களேன்."

அவரால் நிறுத்த முடியவில்லை. எங்களாலும் கையை இறக்க முடியவில்லை.