எதுவும் அழியாமல்

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் உயரமான கட்டடங்களின் லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறியவர், ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சும் போயிற்று. பிறர் சொல்வது புரியும். ஆமாம் என்றால் தலையை ஆட்டுவார், இல்லை என்றால் இடது கையை விசிறுவார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வராது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் நம்பிக்கையோடுதான் இருந்தாள். "வாரத்துக்கு ரெண்டு நாள் இங்க வந்தா மட்டும் போதாதுங்க. வீட்ல தினமும் அரை மணி நேரம் பண்ணணும். எங்க ஆப்ல எல்லாம் இருக்கு. நீங்க வார்த்தையைச் சொல்லணும், அவர் திருப்பிச் சொல்லணும். நான் வீடியோவுல பாத்துக்கறேன்."

அன்றே அவள் அந்த ஆப்பைத் தன் போனில் ஏற்றினாள். அது திறக்கவில்லை. 'இந்தக் கருவி மாற்றியமைக்கப்பட்டுள்ளது, பயன்படுத்த இயலாது' என்று ஒரு வரி வந்து நின்றது. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தாள். அவள் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். பழக்க தோஷத்தில், லென்ஸ் துடைக்கிற துணியால் திரையைத் துடைத்தும் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் போனை வாங்கி இரண்டு நிமிடம் தட்டினார். "உங்க போன் ரூட் பண்ணினதும்மா. கம்பெனி போட்ட பூட்டை உடைச்சு, உள்ள எதை வேணா மாத்தலாம்ங்கற மாதிரி வச்சிருக்காங்க. நோயாளிங்க விவரம் இருக்கற ஆப் அதுல ஓடாது. ஒண்ணு வேற போன்ல போடுங்க, இல்ல ரூட்டை எடுத்துட்டு வாங்க."

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவர் கணவர்தான். கொடுத்த கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க லேப்டாப்பில் வயரைச் செருகி வைத்து என்னவோ செய்தார். "விளம்பரம் வராம பண்ணிட்டேன். இனிமே தொந்தரவு இருக்காது" என்றார். சொன்னது போலவே ஒரு விளம்பரம்கூட வந்ததில்லை. கடையில் கூட வேலை பார்க்கிற பெண்கள் பொறாமைப்படுவார்கள்.

அவருடைய போன் இருந்தது. ஆனால் அதன் பூட்டு எண் அவர் தலைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. விழுந்த நாளிலிருந்து அது அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

பொறாமை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். கடைப் பெண்கள் பொறாமைப்பட்டது விளம்பரம் வராத போனுக்காக மட்டும் அல்ல. கல்யாணமான புதிதில் அவர் உம்மணாமூஞ்சி. சாப்பிட்டாயா என்று கேட்பதற்குக்கூட அவருக்கு நல்ல நேரம் வாய்க்க வேண்டும். அந்த மனிதர் கடைசி ஐந்தாறு வருடத்தில் அடியோடு மாறிப்போனார். அவள் வாய் திறக்காமலே அவள் மனசில் இருப்பது அவருக்குத் தெரிந்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துக் குதிகால் வலிக்கிறது என்று அவள் அவரிடம் சொன்னதே இல்லை. ஒரு நாள் மாலை, தடித்த மெத்துமெத்தென்ற செருப்பை வாங்கி வந்து காலடியில் வைத்தார். வந்தால் மூன்று வாரம் கிளம்பாத அவருடைய அண்ணன் திடீரென்று வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு முறை கணவர் தானாகவே, "நீ ரெண்டு நாள் உன் தங்கச்சி வீட்ல போய் சும்மா இருந்துட்டு வா. வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்லாமலே புரிந்துகொள்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் உள்ளுக்குள் பூரித்துப்போயிருக்கிறாள்.

சனிக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாவி செய்கிறவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிற போன் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடை நடத்துகிறவள் ஐம்பது வயதுப் பெண். தலையில் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே டீ குடிப்பாள், சண்டையும் போடுவாள். அந்தத் தெருவே அவளை டாக்டரக்கா என்றுதான் கூப்பிடும்.

"ரூட்டை எடுக்கணும்க்கா. ஆனா உள்ள இருக்கறது எதுவும் அழியக் கூடாது."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. பல்லைப் பிடுங்கணும், வாயைத் திறக்க மாட்டேன்னு." டாக்டரக்கா போனைக் கையில் வாங்கினாள். "அப்படி என்ன இருக்கு உள்ள?"

"அவரோட குரல். வேலைக்குப் போன இடத்துலேர்ந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். வர லேட்டாகும், சாப்பிட்டுப் படுத்துக்கோ, இந்த மாதிரி. இப்ப அவருக்குப் பேச்சு வரதில்ல. இனிமே வருமான்னு தெரியாது."

டாக்டரக்கா பூதக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காரு. முதல்ல எல்லாத்தையும் ஒரு கார்டுல காப்பி எடுத்துடறேன். அப்புறந்தான் கை வைப்பேன். ரூட் பண்ணும்போது போன் கிளம்பறதுக்கான ஃபைலை மாத்தியிருப்பாங்க. பழைய ஃபைலைத் திரும்பப் போட்டா ரூட் போயிடும், மத்தது அப்படியே இருக்கும். கம்பெனிப் பூட்டைத் திரும்பப் பூட்டினாத்தான் மொத்தமா துடைச்சிடும். அதை நான் தொட மாட்டேன். பூட்டாமலே உன் ஆஸ்பத்திரி ஆப் ஒத்துக்குதான்னு பாப்போம்."

வயரைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில், "யாரு இதைப் பண்ணினது?" என்று கேட்டாள்.

"அவர்தான். லிஃப்ட் மெக்கானிக்."

"அதான். கழட்டின பழைய ஃபைலைத் தூக்கிப் போடாம பத்திரமா வச்சிருக்கார் மனுஷன். தேட வேண்டிய வேலையே இல்ல." டாக்டரக்கா சிரித்தாள். ஸ்டூலில் இருந்தவளுக்கும் பெருமையாக இருந்தது.

டாக்டரக்கா பிறகு சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீ ஆறிப்போயிற்று.

"உன் போன்ல வர கால் எல்லாம் ரெக்கார்ட் ஆகிற மாதிரி நீ ஏதாவது போட்டியா?"

"இல்லக்கா."

"ரூட் அனுமதி வாங்கியிருக்கற ஆப் ரெண்டு இருக்கு. ஒண்ணு விளம்பரத்தைத் தடுக்கறது. இன்னொண்ணுக்குப் படமும் இல்ல, பேரும் ஏதோ பொதுவா இருக்கு. மேல தேடினா தெரியாது. நீ பேசறது, எதிர்ல இருக்கறவங்க பேசறது ரெண்டையும் பதிவு பண்ணி வேற ஒரு போனுக்கு அனுப்புது." அவள் ஒரு எண்ணைத் திரையில் காட்டினாள். "இந்த நம்பர் யாரோடது?"

அந்த எண்ணை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள்.

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துக் கடையில் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ பத்து காப்பி கேட்டார்கள். அவள் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து?"

"போன் வாங்கின முதல் வாரத்துலேர்ந்து. முப்பது நாள் ஆனதை அதுவே அழிச்சிடும். இப்ப போன மாசத்துது இருபத்து மூணு இருக்கு. அதைத் தவிர ஒண்ணே ஒண்ணு, அஞ்சரை வருஷம் பழசு. அதை மட்டும் அழிக்க வேண்டாம்னு யாரோ தனியா வச்சிருக்காங்க." டாக்டரக்கா குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாதிரி போன் என்கிட்ட நிறைய வந்திருக்கும்மா. வழக்கமா அடி, உதைன்னு முடியும். உனக்கு..."

"அவர் ஒரு தடவைகூட என்கிட்ட கத்தினதில்லக்கா."

அந்த ஒன்றை மட்டும் கேட்க வேண்டும் என்றாள். டாக்டரக்கா இயர்போனைக் கொடுத்துவிட்டு, சாவிக் கடைக்காரரிடம் சில்லறை கேட்கிற மாதிரி வெளியே போனாள்.

தங்கையோடு பேசியது. தன் குரல் தனக்கே யாரோ போல இருந்தது. "இவரோட பேசறதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்லடி. லிஃப்ட்ல ஒண்ணா நிக்கற ரெண்டு பேர் மாதிரி இருக்கோம், எப்ப கதவு திறக்கும்னு. நாளைக்கே செத்துப்போனாக்கூட அழுவேனான்னு தெரியல." தங்கை "சும்மா இரு அக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். கூடச் சேர்ந்து அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நன்றாக, மனசு விட்டுச் சிரித்திருந்தாள்.

செருப்பு அதற்கு அடுத்த மாதம் வந்தது. அண்ணன் வருவது நின்றது, தங்கை வீட்டுக்கு அனுப்பியது, எல்லாமே அவள் தங்கையிடம் போனில் புலம்பியதற்குப் பிறகு நடந்தவை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவராகவே உணர்ந்து செய்தது என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

டாக்டரக்கா திரும்பி வந்ததும், "அந்த ஆப்பை எடுத்துடுங்க. அது பதிவு பண்ணினது எல்லாத்தையும் அழிச்சிடுங்க" என்றாள்.

"எதுவும் அழியக் கூடாதுன்னு சொன்னியே. கொஞ்சம் யோசிச்சுக்கோ."

"அழிச்சிடுங்கக்கா."

டாக்டரக்கா கார்டில் எடுத்த காப்பியிலிருந்தும் சேர்த்து அழித்தாள். பிறகு பழைய ஃபைலைப் போட்டு, போனை மறுபடி கிளப்பினாள். புகைப்படங்கள் இருந்தன. அவருடைய வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் இருந்தது. ஆஸ்பத்திரி ஆப்பைத் தொட்டதும் அது எந்த மறுப்பும் சொல்லாமல் திறந்து, நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டது.

வீட்டில் பகல் நேரம் அவரைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி கிளம்பிப் போகும் வரை அவள் சமையலறையிலேயே நின்றாள். பிறகு அவர் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் போன்ல அதைப் போட்டது நீங்கதானே?"

அவர் முகம் மாறியது. பார்வையைச் சுவர் பக்கம் திருப்பினார். தலையை ஆட்டினார்.

"எனக்கு வேற யாரோடயாவது பழக்கம் இருக்குன்னு சந்தேகப்பட்டீங்களா?"

இடது கை வேகமாக விசிறியது. இல்லை, இல்லை, இல்லை.

"பின்ன எதுக்குங்க?"

அவர் வாய் திறந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் பதில் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பதிலை அவளே ஊகித்துக் கேட்டால்தான் உண்டு. "என்னைத் தெரிஞ்சுக்கவா? நேர்ல கேட்டிருக்கலாமே. கேட்டா சொல்ல மாட்டேன்னு நினைச்சீங்களா?" தலையும் ஆடவில்லை, கையும் அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, இடது பக்கத்தை மட்டும் அவரே துடைத்துக்கொண்டார். வலது பக்கம் வழிவது அவருக்கு உறைக்காது, அதை அவள்தான் துடைக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க செத்தா அழுவேனான்னு தெரியலன்னு சொன்னேனே. அதைக் கேட்டீங்களா?"

தலையை ஆட்டினார்.

"கேட்டுட்டா எனக்குச் செருப்பு வாங்கினீங்க?"

மறுபடியும் ஆட்டினார்.

அவளுக்கு ஆத்திரமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. ஒட்டுக் கேட்டவர் அவர். ஆனால் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பது இரண்டு பேருமே. அவரைத் திட்ட வாயெடுத்தால் தன் சிரிப்புதான் காதில் கேட்டது. அந்தச் சிரிப்புக்காக மன்னிப்புக் கேட்கலாம் என்றால், என் வாயிலிருந்து திருடியதற்கு நான் ஏன் கேட்க வேண்டும் என்று மனசு முறுக்கிக்கொண்டது.

"நீங்க ஆஸ்பத்திரில கிடந்தப்ப நான் அழுதேன்" என்றாள். "தினமும் அழுதேன். இப்பவும் தங்கச்சிகிட்ட பேசும்போது அழுகைதான் வருது."

அவர் அவளையே பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. அவள் முகத்துக்கு நேராகச் சொன்ன எதையும் அவர் இத்தனை வருடம் நம்பி வாழவில்லை. யாரும் கேட்கவில்லை என்று நினைத்து அவள் பேசியதைத்தான் நம்பினார். விழுந்த பிறகு எதையும் கேட்க அவருக்கு வழி இல்லை. அந்தப் போன் மட்டும் கேட்க ஆள் இல்லாமல் பதிவு செய்துகொண்டே இருந்தது. போன மாதத்து இருபத்து மூன்றிலும் அவள் அழுகை இருந்தது. அன்று மதியம், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அவள்தான் அதை அழிக்கச் சொன்னாள்.

அப்படியே மாலை ஆயிற்று. அவள் எழுந்து அவருடைய வலது கன்னத்தைத் துடைத்துவிட்டு, விளக்கைப் போட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து பயிற்சி ஆரம்பமானது. போனை மேஜையில் சாய்த்து வைத்து, அவள் வார்த்தையைச் சொல்ல, அவர் உதட்டைக் குவித்து முயன்றார். முதல் மூன்று வாரம் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு 'வா' வந்தது. 'போதும்' பாதி வந்தது. அவள் குளிப்பாட்டினாள், மாத்திரை கொடுத்தாள், நகம் வெட்டினாள், எதிலும் குறை வைக்கவில்லை. பயிற்சி வார்த்தைகளைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கணவருடைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைக்கூட அவள் போட்டுக் கேட்கவில்லை. அழிக்கவும் இல்லை.

தங்கை கூப்பிட்டால் படியிறங்கித் தெருவுக்குப் போய்ப் பேசினாள். போனில் எதுவும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் வீட்டுக்குள் வாய் வரவில்லை.

"என்னக்கா, முன்ன மாதிரி பேசவே மாட்டேங்கற? மாமா எப்படி இருக்கார்?"

"தேறிட்டு வரார்."

"உனக்கு ஏதாவது மனசுல இருந்தா என்கிட்ட சொல்லு."

"ஒண்ணும் இல்லடி. வேலை சரியா இருக்கு."

மூன்றாவது மாதம் ஒரு காலை, பயிற்சி தொடங்குவதற்கு முன்பு அவள் அவர் பக்கம் திரும்பினாள். பல நாள் மனசிலேயே உருட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"நான் அழுதேன்னு சொன்னேனே. நீங்க நம்பறீங்களா?"

அவர் தலையையும் ஆட்டவில்லை, கையையும் விசிறவில்லை. முகத்தின் ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்து, வெகுநேரம் முயன்று, "சரி" என்றார்.

அந்த வாரத்து வார்த்தை அதுதான். முந்தின நாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோதும் சரி என்றார். ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டதற்கும் சரி என்றார், சாத்தியதும் திறக்கச் சொல்லிக் கையை விசிறினார்.

அதற்குள் இணைப்பு கிடைத்து, பயிற்சிக்காரப் பெண் திரையில் வந்துவிட்டாள். "சரின்னு சொன்னாரா? இங்க கேட்டுது. ரொம்பத் தெளிவா வருதே" என்றாள் சந்தோஷமாக.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த வார்த்தையை எடுத்தாள்.