படத்துக்கு வந்த பெட்டி

மரக்கூழ் ஆலையில், கூழை உலர்த்தும் இயந்திரத்தில் எனக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவள் மார்லிஸ். எங்கள் தீவில் வெட்டுகிற சிவப்பு செடார் மரம்தான் ஆலைக்கு வரும். கொரோனா வந்த அந்த மார்ச்சில், மருத்துவ முகக்கவசம் செய்ய இந்தக் கூழ் வேண்டுமென்று எல்லைக்குத் தெற்கே பக்கத்து நாட்டிலிருந்த ஒரு கம்பெனி இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்தது. ஊர் முடங்கிக் கிடக்க, நாங்கள் ஓவர்டைம் பார்த்தோம்.

மார்லிஸின் தங்கை கோரினுக்கு உள்ளூர் முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஆளுக்கு வாரத்துக்கு ஒரே முகக்கவசம். வேலை முடிந்ததும் பேர் எழுதிய காகிதப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும்.

இல்லத்துக்குக் கொஞ்சம் முகக்கவசம் வாங்கித் தர முடியுமா என்று மார்லிஸ் ஆலை மேலாளர் பிரென்ட்டிடம் போய்க் கேட்டாள்.

"நாம விக்கிறது கூழு, மார்லிஸ். லாரி ஏறிட்டா அது நம்ம சரக்கில்ல."

"அந்தக் கம்பெனியில ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமில்ல?"

"கேக்கலாம். அவன் கோவிச்சுக்கிட்டா அடுத்த ஆர்டர நீ பிடிச்சுத் தருவியா?"

ஏப்ரலில் ஆலையைப் பற்றி எழுதப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். படத்துக்காகவே பிரென்ட் ஒரு பெட்டி முகக்கவசம் வரவழைத்திருந்தார். கூழ்ப் பொதிகளுக்கு முன்னால் மார்லிஸை நிறுத்தி, பெட்டியைக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். முடிந்ததும் பெட்டியைத் திருப்பி வாங்க பிரென்ட் கையை நீட்டினார். அவள் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். யாரும் பிடிக்கவில்லை. ஆறடி தள்ளி நிற்கவேண்டிய காலம்.

இல்லத்தின் பின்கதவில் பெட்டியை வாங்கிக்கொண்ட பெண், "கோரின் இன்னைக்கு வரலயே. காலைலேர்ந்து காய்ச்சலாம், உங்ககிட்ட சொல்லலயா?" என்றாள்.

ஆலையில் திருட்டு என்று எழுதி, மார்லிஸைச் சம்பளமில்லாமல் மூன்று நாள் நிறுத்தினார்கள். பார்த்த சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது நான்.

காய்ச்சல் வந்த பன்னிரண்டாம் நாள் கோரின் செத்துப்போனாள். நர்ஸ் பிடித்திருந்த போனில்தான் மார்லிஸால் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிட்டாள்.

"ரெண்டு வாரம் லீவு போட்டிருக்கலாமே," என்றேன்.

"வீட்ல யாரு இருக்கா?" பொதியின் எடையைக் குறித்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் கையெழுத்த நீ போட்டிருக்க வேணாம்."

"எனக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல, மார்லிஸ்."

அவள் அடுத்த பொதியைத் தராசில் ஏற்றினாள். இரண்டு வருஷம் கழித்து நான் ஓய்வு பெறும்வரை, வேலையைப் பற்றித் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.