எறும்புப் பாடம்

என் இரண்டாம் வகுப்பு பாடம் படித்தால் தெருமுனை வரை கேட்கும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். நான் ஒரு வரி சொல்வேன், முப்பது தொண்டைகள் அதைத் திருப்பிச் சொல்லும். தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, "வகுப்புன்னா இது வகுப்பு" என்று பக்கத்து அறைக்கும் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவார். பக்கத்து அறையில் பாடம் நடத்துவது என் நாத்தனார். எனக்குக் கசக்குமா என்ன?

அவள் போன வருடம்தான் இந்தப் பள்ளிக்கு வந்தாள். ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு, கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்சை மாட்டிக்கொண்டு திரும்பினாள். ஓட்டப்பந்தயத்துக்கா கிளம்பிட்ட என்று கேட்டேன்.

"இல்ல அண்ணி. ஒவ்வொரு பிள்ளையையும் தனியா உட்கார வச்சு, அது இதுவரைக்கும் பார்க்காத பக்கத்த ஒரு நிமிஷம் படிக்கச் சொல்லணும். எத்தனை சொல் சரியா வருதுன்னு எண்ணணும். உங்க வகுப்புலயும் பார்க்கலாமா?"

"தாராளமா பாரு. பார்த்துட்டு வாயடைச்சுப் போ."

முதலில் வானொலியைத்தான் அனுப்பினேன். எங்கள் கூட்டுப் படிப்புக்குத் தலைமை தாங்கும் பெண் அவள். வாயை மூடவே மாட்டாள் என்பதால் நான் வைத்த பெயர். புத்தகத்தில் எறும்புப் பாடத்தைப் பிரித்துக் கொடுத்ததும் கொட்ட ஆரம்பித்துவிட்டாள். "ஒரு காட்டில் ஓர் எறும்பு இருந்தது. அதற்கு ஆற்றைக் கடக்க ஆசை." நாத்தனார் பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கத்தில் கை கழுவும் பாடம். வானொலி நிறுத்தவே இல்லை. சோப்புப் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு எறும்பை அக்கரை சேர்த்துவிட்டாள்.

புதுப் பக்கத்தில் ஒரு நிமிடத்துக்கு அவள் படித்தது நாலு சொல். முப்பது பேரில் பதினேழு பேர் பத்துச் சொல்லைத் தாண்டவில்லை.

"புதுசா ஒண்ணக் காட்டி பிள்ளைங்கள மிரட்டிட்ட," என்று எகிறினேன்.

"மிரளுற பிள்ளையா அது? போறப்போ என்கிட்டயே ரெண்டு சாக்பீஸ் கேட்டு வாங்கிட்டுப் போச்சு அண்ணி."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வானொலியின் அம்மாவை வரச் சொன்னேன். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்த பிள்ளைகளில் ஒருத்தி. அப்போது அவள்தான் கூட்டுப் படிப்புக்குத் தலைவி. அந்தக் குரலுக்காக வெண்கலம் என்று கூப்பிடுவேன்.

"உன் பொண்ணு படிக்கல. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறா," என்று எறும்புப் பாடத்தை எடுத்து நீட்டினேன்.

அவள் சிரித்தாள். "இதுவா? எனக்கே இன்னும் மறக்கல டீச்சர்!" பாடப்புத்தகம் மூன்று முறை மாறியும் எறும்பு மட்டும் போகவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து, கண்ணை அதில் பதித்து, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. என் கை தானாகப் போய்ப் பக்கத்தைத் திருப்பியது.

எறும்பு நிற்கவில்லை.

"உனக்குப் படிக்கத் தெரியாதா?"

அவள் புத்தகத்தை மெல்ல மூடினாள். "துணியில நம்பர் போட்டிருக்கும். நம்பர் நல்லாத் தெரியும். மத்தத யாரையாவது கேட்டுப்பேன். எனக்கு மண்டையில ஏறல டீச்சர், விடுங்க. ஆனா இவ என்ன மாதிரி ஆயிட மாட்டால்ல?"

"உனக்கு ஏறாம இல்ல. நான் ஏத்தல," என்றேன். அவமானத்தில் காது வரை சுட்டது. அவளை அனுப்பிவிட்டு நேரே பக்கத்து அறைக்குப் போனேன். "அந்த வாட்ச எடு. முதல்லருந்து சொல்லிக் குடு."

நாத்தனார் சிரித்திருந்தால் அன்றைக்கு அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். நல்லவேளை, சிரிக்கவில்லை.

கூட்டுப் படிப்பு நின்று வகுப்பு அமைதியானதும் தலைமையாசிரியருக்குப் பொறுக்கவில்லை. "சத்தமே காணோமே, பெத்தவங்க என்ன நினைப்பாங்க? பத்து வாரம் தர்றேன். கடைசியில நான் ஒரு பக்கம் கொண்டு வருவேன். வானொலி அதப் படிக்கணும். இல்லன்னா பழையபடி கூட்டுப் படிப்புதான்."

"கொண்டு வாங்க சார்."

இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து, யாருக்கு எது தெரியவில்லையோ அதன்படி பிரித்தோம். எழுத்தே தெரியாதவர்களை நான் எடுத்துக்கொண்டேன். எழுத்து, அதன் ஒலி, பிறகு கால், கொம்பு, சுழி. இரண்டெழுத்தைச் சேர்த்தால் என்ன, மூன்றெழுத்தைச் சேர்த்தால் என்ன. தினமும் ஒவ்வொருவரும் தனியாகப் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு நிமிடக் கணக்கு. வானொலி படத்தைப் பார்த்து ஊகித்து அடித்து விடுவாள். படத்தைக் கையால் மறைத்தால் அழுவாள். நாலு, ஆறு, ஆறு. நாலாவது வாரம் அஞ்சுக்கு இறங்கியது. என் பொறுமை பறந்துவிட்டது.

"அவகிட்ட கத்தி என்ன பிரயோஜனம் அண்ணி? தப்பு விட்ட சொல்லப் பாருங்க," என்று நாத்தனார் தாளை நீட்டினாள். எல்லாம் கொம்பு வந்த சொற்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நான் அதை ஒரே நாளில் ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு வாரம் முழுக்கக் கொம்புதான். அதன் பிறகு ஒன்பது, பதினஞ்சு, இருபத்திரண்டு என்று ஏறியது.

பத்தாவது வார வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் சட்டைப்பையிலிருந்து பேருந்து நேரம் மாறியதைச் சொல்லும் துண்டறிக்கை ஒன்றை எடுத்து நீட்டினார். வெண்கலம் வாசலில் வந்து நின்றாள். வானொலி விரலை வைத்துத் தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டே போனாள். "பாலம்... பழுதானதால்..." அடுத்த சொல்லில் நின்றுவிட்டாள். தலைமையாசிரியர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

"சார், பேசாதீங்க!" சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது.

"வ... ழி... வழித்... வழித்தடம்!" என்றாள் வானொலி. நிமிட முடிவில் முப்பத்தொரு சொல்.

"சத்தம் கம்மிதான்," என்றார் அவர். பிறகு, "இப்படியே நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் என் தோளில் ஒரு இடி இடித்தாள்.

பிள்ளைகள் போன பிறகும் வெண்கலம் போகவில்லை. மேசையில் கிடந்த துண்டறிக்கையை எடுத்துப் பார்த்தாள். "டீச்சர், வீட்டுல இவ படிக்கிறப்போ கூடவே பார்த்துட்டிருந்தேன். இதுல எனக்கும் நாலஞ்சு எழுத்து தெரியுது."

"வேலை எத்தனை மணிக்கு முடியும்?"

"நாலுக்கு."

நான் வகுப்பு நோட்டைப் பிரித்து, முப்பதாவது வரிக்குக் கீழே அவள் பெயரை எழுதினேன். நான் கேட்கும் முன்பே நாத்தனார் வாட்சைக் கழற்றிக் கொடுத்தாள். வெண்கலம் சின்னப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முதல் எழுத்தின் கீழ் விரலை வைத்து, பழைய பழக்கத்தில் தெருமுனைக்குக் கேட்கும்படி குரலெடுத்தாள்.

"மெதுவா படி," என்றேன். "எனக்குக் கேட்டா போதும்."